மறுப்பதும் முடிவெடுப்பதே

நேயர்களுக்கு வணக்கம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், "அவருக்கு என்ன தெரியும், நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும்" என்ற பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். நம் நாட்டுச் சட்டமும் நெடுங்காலம் ஏறக்குறைய அதையே சொல்லிவந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளியை எங்கே, யார் சேர்ப்பது என்பதிலேயே பெரிதும் கருத்தைச் செலுத்தின. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். 2007இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்ற பிறகு, 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சங்கிலியிடுவதை அது எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை.

நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் பற்றி. சிகிச்சை பற்றிய தகவலை விளங்கிக்கொள்வது, முடிவின் விளைவை உணர்வது, முடிவைப் பிறருக்குத் தெரிவிப்பது ஆகியவற்றைக் கொண்டே ஒருவருடைய முடிவெடுக்கும் திறன் அளக்கப்படுகிறது. பேச்சு வராதவருக்குச் சைகையும் போதும். அதே பிரிவில் இன்னொரு வாசகமும் உண்டு: ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வழக்கறிஞர் என்ற முறையில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஆசிரியை ஒருவர், மனநிலை ஏற்ற இறக்க நோய்க்காகப் பல ஆண்டுகளாக மருந்து உட்கொண்டுவந்தவர், அந்த மருந்து இனி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவருக்குச் சுயபுத்தி இல்லை என்று சான்றிதழ் வாங்க வழி கேட்டு அவருடைய அண்ணன் என்னிடம் வந்தார். ஆசிரியையிடம் பேசினேன். மருந்தின் பெயர், அது எதற்கு, நிறுத்தினால் நோய் எப்படித் திரும்பக்கூடும் என்பதையெல்லாம் தெளிவாகச் சொன்னார். "கை நடுங்குகிறது சார், கரும்பலகையில் எழுத முடியவில்லை, பிள்ளைகள் சிரிக்கிறார்கள்" என்றார். இத்தனை ஆண்டுகள் அவர் சரி என்று தலையாட்டியபோது அவருக்குப் புரிகிறதா என்று எவரும் சோதிக்கவில்லை. வேண்டாம் என்ற அன்றுதான் அவருடைய புத்தியின் மீது சந்தேகம் எழுந்தது. மருத்துவர் பிறகு மருந்தை மாற்றிக் கொடுத்தார் என்பது வேறு செய்தி. நோய் திரும்பியிருந்தாலும்கூட, அன்று அவருக்குத் திறன் இருந்தது என்பது பொய்யாகிவிடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், விளைவைப் பார்த்துவிட்டுத் திறனைப் பின்னோக்கி மதிப்பிடும் வழக்கம் நன்கு படித்தவர்களிடமும் இருப்பதுதான்.

குடும்பத்தாரின் அச்சம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் அவர்கள்தாம். தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரக்கூடிய கடுமையான நிலையில், முடிவெடுக்க மிகுந்த துணை தேவைப்படுபவரை அவர் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள் வரை மனநல மருத்துவமனையில் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அப்படிச் சேர்த்ததை 7 நாட்களுக்குள், பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாட்களுக்குள், இத்தகைய சேர்க்கைகளைப் பரிசீலிக்கும் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

முன்விருப்ப ஆவணம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். 18 வயது நிரம்பிய எவரும், இதற்கு முன் மனநோய் இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்னாளில் தமக்குத் திறன் குறைந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை எழுத்தில் பதிந்துவைக்கலாம். திறன் இருக்கும்வரை அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. வணக்கம்.