நர்சம்மாவின் பையில் இடம் இருக்கிறதா?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் செவிலியர்களும் மருத்துவ அலுவலர்களும் கணினித்துறை மாணவர்களும் கூடிய ஒரு கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், எதிரே சீருடையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கைகளுக்கும், மருத்துவத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மடிக்கணினியோடு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

33 ஆண்டுகள் இந்த மாவட்டத்தில் வேலை பார்த்தேன். புதிய கருவிகளும் புதிய முறைகளும் எப்படி ஆஸ்பத்திரிக்குள் வந்து நிலைக்கின்றன என்று பேசச் சொன்னார்கள். துணை சுகாதார நிலையத்து வாசலில் நின்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30. தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய நாள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. என் கவலை முழுக்கத் தடுப்பூசி மேல். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. போலியோ சொட்டு மருந்துக் குப்பி ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சூடு படப்பட அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தைவிட வெளிறி இருந்தால் குழந்தைக்குப் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் ஒதுக்கிவிட வேண்டும்.

1996இல் போலியோ குப்பிகளில் வந்த சின்ன ஒட்டு அது. கரண்ட் கேட்காது, சிக்னல் கேட்காது, ஆங்கிலம் கேட்காது. யாரிடமும் அனுமதி வாங்காமல் அந்த இருட்டில் நானே முடிவெடுத்தேன். 'இதைப் பயன்படுத்து' என்று எங்களை யாரும் மிரட்ட வேண்டியிருக்கவில்லை. எங்கள் பயத்தைக் குறைத்தது, அதனால் எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சோடா உப்பும் குளுகோசும் நீரில் கலக்கச் செய்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. அந்தக் கலவையின் அறிவியல் அதற்கு முன்பே தெரியும். நோயாளியின் அம்மாவிடமும் அண்ணனிடமும் குவளையைக் கொடுக்கலாம் என்று நம்பியதுதான் அங்கே புதுசு.

வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக அதே கலவையை நான் வீடு வீடாகக் கொடுத்தேன். 'ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கணும்மா' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் திரும்பிப் போய்ப் பார்த்தால், ஒரு டம்ளரில் கால் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கியிருந்தாள் ஒரு பெண். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்த வீட்டில் லிட்டர் அளக்க ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து அவரவர் வீட்டுச் சொம்பை எடுத்துவரச் சொல்லி, எத்தனை சொம்பு ஒரு லிட்டர் என்று அளந்து காட்டிவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிப்பேன். எந்தப் புது விஷயத்துக்கும் இப்படி ஒரு சொம்பு தேவைப்படும். அதைத் தேடுகிற வேலையைத் திட்டம் போடுகிறவர்கள் கணக்கில் எழுதுவதே இல்லை.

இப்போது என் மனக்குறை. ஒரு காலத்தில் எங்கள் கையில் ஒரு கருவி கொடுத்தார்கள். கர்ப்பிணிகளின் விவரத்தை அதில் ஏற்றினால் போதும், பதிவேடு எழுத வேண்டாம் என்றார்கள். மகிழ்ச்சியாக வாங்கினோம். பதிவேடும் நிற்கவில்லை. பகலில் நோட்டில் எழுதி, இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு அதையே மறுபடி ஏற்றினோம். சிக்னலுக்காக மாடியில் நின்ற தங்கைகள் உண்டு. சில மாதங்களில் கருவிகள் அலமாரிக்குள் போயின. 'ஊழியர்கள் ஒத்துழைக்கவில்லை' என்று அறிக்கை எழுதினார்கள். அந்த வரி இன்றும் எனக்கு வலிக்கிறது. புதுசு ஒன்றைக் கொடுக்கும்போது பழசு ஒன்றை எங்கள் பையிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

அப்படியானால் புதுசே வேண்டாம் என்கிறேனா? கிடையவே கிடையாது. 2022இல் நம் மாநிலத்தில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. காசநோயில் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் போய்விடுகிறார்கள். அதனால் நோய் கண்டுபிடித்தவுடனே சில கேள்விகள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? காலில் வீக்கமா? நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு? எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? ஆபத்து என்று தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். முதலில் ஒரு காகித அட்டைதான். ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் செவிலியரே பார்த்துச் சொல்லிவிடலாம்.

இதை நினைத்தால் என் மனம் ஓர் ஆளிடம் போய் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேவனாம்பட்டினம் பக்கம் காசநோய் வந்த ஒரு மீனவர். மாத்திரையை நான்தான் கையில் கொடுப்பேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வருவார். மாத்திரை விழுங்கினாரா என்று பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்ததைப் பார்க்கவில்லை. ஐந்தாவது வாரம் இறந்துவிட்டார். எடை பார்க்கும் மிஷின் அன்றைக்கும் எங்களிடம் இருந்தது. அந்த அட்டை இல்லை. ஆகவே தங்கைகளே, புதிதாக ஒரு தாள் வந்தால் 'இன்னொரு வேலையா' என்று சலித்துக்கொள்ளும் முன் ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். சுவரைப் பிடித்து நிற்கும் ஒருவர் அதில் இருக்கலாம்.

கணினிப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் துணை சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். முதல் இரண்டு மணி நேரம் மடிக்கணினியைத் திறக்காதீர்கள். ஒரு கையில் அழும் குழந்தை, ஒரு கையில் ஊசி, பக்கத்தில் நோட்டு, வாசலில் 20 பேர். அந்தச் செவிலியருக்கு மூன்றாவது கை எங்கே தேவைப்படுகிறது என்று பாருங்கள். வீடு திரும்பும்போது அவர் பையைக் கேட்டு வாங்கித் தூக்கிப் பாருங்கள். வருகிற புதன்கிழமையே வருவதென்றால் சொல்லுங்கள், நானும் உங்களோடு வருகிறேன்.