ஆச்சியின் நாக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம். 'இருமலுக்குப் பாட்டி தந்த வேரைச் சோதிப்பது அவசியமா, அவமதிப்பா?' அவசியமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒன்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். "இன்று பாட்டியின் வேருக்கு ஆய்வக அறிக்கை கேட்கிறார்கள். நாளைக்குத் தாய்ப்பாலுக்கும் கேட்பார்கள்!" சரி. இதற்குப் பதில் சொல்லாமல் நான் நகரப் போவதில்லை.

எங்கள் ஆச்சி திருநெல்வேலிப் பக்கம். எனக்கு ஏழு வயது, விடாத இருமல். அண்ணன் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி அதிமதுரம் வாங்கி வந்தான். ஆச்சி உடனே இடித்துக் கஷாயம் போட்டாளா? இல்லை ஐயா! வேரை விளக்குப் பக்கம் கொண்டுபோனாள். ஒடித்தாள். உள்ளே மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தாள். மோந்தாள். ஒரு துண்டைத் தன் வாயில் போட்டாள். நான் இருமிக்கொண்டே நிற்கிறேன், அவள் மென்றுகொண்டே இருக்கிறாள். அப்புறம் துப்பினாள். "எலே, இது கசக்குது. குன்றிமணி வேரக் கலந்துட்டான். திருப்பிக் குடுத்துட்டு வா."

மறுபடியும் சொல்கிறேன், தாய்மார்களே. ஒடித்தாள், பார்த்தாள், மோந்தாள், மென்றாள். பேரன் வாய்க்குப் போகும் முன்னால் தன் வாயில் போட்டாள். தலைவரே, இதற்கு என்ன பெயர்? சோதனை! ஆச்சி செய்ததைத் தொடரச் சொல்கிற நாங்கள் அவளை அவமதிக்கிறோமா, 'சோதிக்காதே' என்று அவள் கையைப் பிடிக்கிற நீங்களா?

வியன்னாவில் 236 அறுவை சிகிச்சை நோயாளிகளில் பாதிப் பேருக்கு அதிமதுர நீர், பாதிப் பேருக்குச் சர்க்கரை நீர் கொப்பளிக்கக் கொடுத்தார்கள். மயக்க மருந்துக்காக மூச்சுக்குழாயில் குழல் செருகியதால் வரும் தொண்டை வலியும் இருமலும் அதிமதுரக்காரர்களுக்குக் குறைந்தன. 2013இல் வெளிவந்த ஆய்வு. ஆச்சியின் வேர் ஜெயித்தது! நம் வேலியோர ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளிலிருந்துதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே பிறந்தது.

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஒன்றே ஒன்று ஐயா.

எங்கள் தாத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு. வறட்டு இருமலும் உண்டு. ஆச்சி மாதக்கணக்கில், வேளை தவறாமல் அதிமதுரக் கஷாயம் கொடுத்தாள். தாத்தாவுக்குக் கால் வீங்கியது, கொதிப்பு ஏறியது, மாத்திரைக்கு அடங்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான் கேட்டார், "கஷாயம் ஏதும் குடிக்கிறீங்களா?" அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற வேதிப்பொருள் அளவு மீறினால் பொட்டாசியம் குறையும், உப்பும் நீரும் உடம்பில் தேங்கும், அழுத்தம் ஏறும். நிறுத்தினோம். தாத்தா தேறிவிட்டார்.

ஆச்சி தேறவில்லை. அன்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "மென்னு பாத்துத்தானலே குடுத்தேன். நல்ல வேருதான். என் நாக்குக்கு அது தெரியலையே."

அந்த நாக்குக்கு ஒரு துணை கேட்டுத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். வணக்கம்.