படம் வெளுத்துப் போகல, சப்டைட்டில் கலரை மாத்துங்க!

வணக்கம் மக்களே. போன வீடியோல பிளைண்ட்னெஸ் படம் பாருங்கன்னு சொன்னேன். "பிரிண்ட் கெட்டுப்போச்சு, ஒரே வெள்ளையா இருக்கு"ன்னு ஆளாளுக்குக் கேக்குறீங்க. கெடலைங்க! அந்தப் படத்துல வர்ற நோயே அப்படித்தான். கண்ணு இருட்டாவாது, பால்ல முங்கின மாதிரி வெள்ளையாயிடும். கேமராமேன் சீசர் சார்லோன் வேணும்னே வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியிருக்காரு.

எரிச்சல் என்னன்னா, சப்டைட்டிலும் வெள்ளை. கம்ப்யூட்டர்ல படம் ஓட்டுற விஎல்சி பிளேயர்ல டூல்ஸ், பிரிஃபரன்சஸ், சப்டைட்டில்ஸ் போங்க. எழுத்தை மஞ்சளாக்குங்க, எழுத்தைச் சுத்தி இருக்குற கோட்டை, அதாவது அவுட்லைனைத் தடிமனாக்குங்க. சேவ் பண்ணி, விஎல்சியை மூடித் திறங்க. ஓடிக்கினு இருக்கும்போதே மாறலையேன்னு பாக்காதீங்க. சப்டைட்டில் வெறும் எழுத்தா இருக்குற எஸ்ஆர்டி மாதிரி ஃபைலுக்குத்தான் இது நடக்கும். டிவிடி சப்டைட்டில் எழுத்தா இருக்காது, படமா இருக்கும், கலர் மாறாது. தனியா எஸ்ஆர்டி எடுத்து, படத்து ஃபைல் பேரையே அதுக்கும் வச்சு, அதே ஃபோல்டர்ல போடுங்க.

டிவில கலரை அடிச்சுக் காட்டுற அந்த விவிட் மோடு எனக்கு ஆகவே ஆகாது. சினிமா மோடு போடுங்க. முகம் வெள்ளைல கரைஞ்சா கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. பிரைட்னஸைத் தொடாதீங்க, இருட்டு சீனெல்லாம் கரி அப்பின மாதிரி ஆயிடும். வேலூர் வெயில் ஜன்னல்ல அடிக்கும்போது பாக்கவே பாக்காதீங்க, ராத்திரில பாருங்க.

சரி, கதைக்கு வரேன். ஜோசே சரமாகோ 1995ல எழுதின நாவலை ஃபெர்னாண்டோ மெய்ரெல்லஸ் 2008ல படமாக்கினாரு. சிக்னல்ல பச்சை விழுது, ஒரு கார் மட்டும் நகரல. நம்ம வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானால நடந்தா ஹாரன் எப்படி இருக்கும், அதே சத்தம்! ஓட்டுறவருக்குப் பார்வை போச்சு. வீட்டுல கொண்டுவிட்ட ஆளே காரைத் திருடிக்கினு போறான். அடுத்து கண் டாக்டருக்கே போயிடுது. சொல்ல விட்டுட்டேன், படத்துல ஒருத்தருக்கும் பேரே கிடையாது.

பார்வை போனவங்க எல்லாரையும் அரசாங்கம் அடைச்சு வச்ச எடத்துல சாப்பாடு குறையுது பாருங்க, அங்கதான் வயித்தைப் பிசையும். மூணாம் வார்டு துப்பாக்கிக்காரன் மொதல்ல நகை, பணம் கேப்பான். அது தீர்ந்ததும் பொம்பளைங்களை. அவனுக்குக் கணக்கு பாக்குறவன் பொறவியிலேயே பார்வை இல்லாதவன், அதனால துப்பாக்கிக்காரன் கை ஓங்குது. எல்லாத்தையும் கண்ணால பாத்துக்கினு நிக்கிறது டாக்டரோட மனைவி மட்டும்தான். ஜூலியன் மூர் அந்த மொகத்துலயே மொத்தப் படத்தையும் சுமக்குறாங்க. பசங்களைப் பக்கத்துல வச்சுக்காதீங்க, அந்த சீன் ரொம்பக் கொடூரம்.

இன்னொண்ணு, அவுட்லைன் கலர் கருப்பா இருக்கான்னு பாத்துக்கோங்க. கருப்பு இல்லன்னா மஞ்சளும் அந்த வெள்ளைல பாதி கரைஞ்சிடும்.