இடிந்த சாயலில் ஒரு மண்டபம்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவிழாவுக்குப் பந்தல் போடுவோம். தேர் நிலைக்கு வந்ததும் மூங்கிலை அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிடுவோம். சான் பிரான்சிஸ்கோவில் 1915-இல் போட்ட ஒரு பந்தலை மட்டும் பிரிக்க அந்த ஊர்க்காரர்களுக்கு மனசு வரவில்லை.

பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட அங்கே ஓர் உலகப் பொருட்காட்சி நடந்தது. 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்த நகரம், எழுந்துவிட்டோம் என்று உலகத்தைக் கூட்டிக் காட்டிய வருஷம் அது. ஓவியங்களை வைக்கக் குளக்கரையில் எழும்பியதுதான் 'பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்'. பெர்னார்ட் மேபெக் என்ற கட்டடக் கலைஞர், ரோமாபுரியின் பாழடைந்த கோயில்களை மனத்தில் வைத்து, புதுக் கட்டடத்தையே பழசாகிப்போன சாயலில் கட்டினார். கல் என்று நினைத்துவிடாதீர்கள். மரச்சட்டத்தின் மேல் நார் கலந்த பிளாஸ்டர். சினிமா செட் மாதிரிதான்.

தூண் வரிசையின் உச்சியில் பெரிய பெரிய பெட்டிகள் இருக்கின்றன. மூலைக்கு மூலை ஒரு பெண் சிலை, நமக்கு முதுகைக் காட்டி, பெட்டிக்குள் குனிந்து நிற்கிறது. அழுகிறாளா, எதையாவது தேடுகிறாளா? முகம் தெரிந்தால்தானே! அந்தப் பெட்டிகளில் செடி கொடி வளர்ப்பதாகத் திட்டம். வளர்க்கவில்லை.

காட்சி முடிவதற்குள்ளேயே ஃபீபி ஹர்ஸ்ட் என்ற கொடைவள்ளல் அம்மையார் இதைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார். மற்ற மாளிகைகளெல்லாம் போக, இது தப்பியது. பிழைத்ததே தவிர, பட்ட பாடு கொஞ்சமில்லை. உள்ளே டென்னிஸ் ஆடினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ லாரியும் ஜீப்பும் நின்றன. பிறகு டெலிபோன் டைரக்டரிகளைக்கூட இங்கேதான் அடுக்கினார்கள். பிளாஸ்டர் உதிர்ந்து, சாயலுக்குக் கட்டிய இடிபாடு நிஜமாகவே இடிபாடாயிற்று.

சுற்றிலும் ரெட்வுட் என்ற நெட்டை மரங்களை நட்டு, மண்டபத்தைத் தானாகச் சிதைய விடலாம் என்பது மேபெக்கின் யோசனை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் நான் அந்த ஊர்க்காரன் இல்லையே! 1957-இல் அவர் காலமானார். 1964-இல் பழையதை இடித்து, அதே அச்சில் இரும்பிலும் கான்கிரீட்டிலும் எழுப்பத் தொடங்கினார்கள். வால்டர் ஜான்சன் என்ற செல்வந்தர் 20 லட்சம் டாலர் கொடுத்தார்.

அந்தப் பெண்களையும் கான்கிரீட்டில் வார்த்தார்கள். இப்போதும் முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்கள்.

வணக்கம்.