பத்து வாரத்தில் கேடயம் கொடுத்து முடிக்கிற வேலையா இது?

வணக்கம் மக்களே! இன்று சமையல் கிடையாது. கையில் கருப்பட்டிக் காப்பி இருக்கிறது, மனத்தில் கோபம் இருக்கிறது, இரண்டும் சூடு ஆறுவதற்குள் பேசிவிடுகிறேன்.

நேற்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் விழாவுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அவர்கள் நடத்தும் திட்டம் இது: கல்லூரி மாணவர் ஒருவருக்குக் கடற்கரை ஊரில் ஒரு வீட்டை ஒதுக்கிவிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அவர் அக்கா, அல்லது அண்ணன். வாரம் தவறாமல் போய்ப் பேச வேண்டும், பாடம் சொல்லித்தர வேண்டும், வீட்டாரோடு பழக வேண்டும். ஜூன் மாதம் இதைப் பற்றி நான் துள்ளிக் குதித்துப் பேசிய வீடியோ உங்களுக்கு நினைவிருக்கும். நேற்று நடந்தது அதன் நிறைவு விழா. நிறைவாம்! தொடங்கிப் பத்து வாரம்தான் ஆகிறது. பொன்னாடை, கேடயம், குழுப் படம், அதோடு முடிந்தது. வேனில் ஏறப்போன ஒரு சிறுமி தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வியாழக்கிழமை வருவீர்கள்தானே அக்கா?" என்று கேட்டாள். அந்த மாணவி என்ன பதில் சொல்வாள், சொல்லுங்கள்!

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு பெரியவரையும் ஒரு பிள்ளையையும் சேர்த்துவிடும் இணைப்புகளை ஆராய்ந்து 2002-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஓராண்டுக்கு மேல் நீடித்த இணைப்புகளில் பிள்ளைகளுக்கு நல்ல பலன். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவற்றிலோ, பிள்ளைகள் தங்களையே மதிப்பது முன்பைவிடக் குறைந்திருந்தது. அதாவது, பாதியில் விட்டால் நன்மை குறைவது மட்டுமல்ல, கெடுதலே வரலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கேடயத்துக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வராதா?

சரி, நல்ல கதைக்கு வருகிறேன். என் சித்தி மகள் நாகர்கோவிலில் மூன்றாம் ஆண்டு கணிதம் படிக்கிறாள். இந்தத் திட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது குளச்சல் பக்கம் ஒரு வீடு, ஏழாம் வகுப்புப் பையன். பின்னம் என்றாலே நோட்டை மூடிவிடுவான். பாடப்புத்தகத்து வட்டங்களை வரைந்து காட்டினாள், நடக்கவில்லை. அப்போது அவன் அப்பா வீட்டில் இருந்தார்... இருங்கள், முக்கியமானதை விட்டுவிட்டேன். அவர் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர், போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதனால்தான் வீட்டில் இருந்தார், தன் தம்பியோடு வள்ளத்தில், அதாவது சிறு படகில், போய்வந்துகொண்டிருந்தார்.

அவர் சொன்னார்: "வள்ளத்துப் பங்கைக் கேளுங்கள் மக்களே, அவன் சொல்வான்." செலவு போக மிஞ்சுவதில் கால் பங்கு வள்ளத்துக்கு, கால் பங்கு வலைக்கு, மீதிப் பாதி வேலை செய்த நான்கு பேருக்கு. அந்த வள்ளத்தில் அப்படித்தான் பிரிக்கிறார்கள். வலையில் பாதி அப்பாவுடையது. "அப்படியானால் அப்பாவுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். பையன் நோட்டைத் தொடவே இல்லை. "வேலைக்கு எட்டில் ஒன்று, வலைக்கு எட்டில் ஒன்று, மொத்தம் கால்!" என்றான். அன்று இரவு அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது நான் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். எட்டில் ஒன்றும் எட்டில் ஒன்றும் கால்! அந்தப் பிள்ளைக்குப் பின்னம் தெரியாமல் இல்லை, அவன் கரையில் இருக்கிற கணக்கை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததால்தானே அப்பாவின் வாயிலிருந்து அந்த வழி பிறந்தது?

இன்னொன்று. அவனுடைய அக்கா அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. அடுத்து கல்லூரிக்கு அனுப்ப அம்மா தயங்கிக்கொண்டிருந்தார். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வரும், புதுமைப்பெண் திட்டம், 2022-லிருந்து இருக்கிறது. அந்த வீட்டுக்கு அது என் சித்தி மகள் சொல்லித்தான் தெரிந்தது. எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நாம், 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் என்று மேடைதோறும் சொல்கிறோமே, இந்தச் செய்தி ஏன் அந்த வாசலுக்குப் போகவில்லை?

இப்போது பஸ். இதைச் சொல்லாமல் விட மாட்டேன்! சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. எனக்கு மிகப் பிடித்த திட்டம், பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் சாயங்காலம் மாணவி கடற்கரையிலிருந்து திரும்பும்போது அந்தப் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டிக்கெட் எடுக்க வேண்டிய பஸ்கள் வரிசையாகப் போகும், பிள்ளை நின்றுகொண்டே இருப்பாள். வீட்டில் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பார். மாணவர்களான தம்பிகளுக்கோ அந்தச் சலுகையும் இல்லை. பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும்தான். அவர்கள் கையிலிருந்து போக வர டிக்கெட் எடுக்கிறார்கள். அந்தக் கேடயக் காசு ஒரு மாணவனின் எத்தனை வாரப் பயணத்துக்கு வரும்! பஸ் காசு கொடுங்கள் ஐயா, கேடயம் யாருக்கு வேண்டும்?

நேரம் இல்லை என்று கல்லூரிக்காரர்கள் சொல்வார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். வாரம் மூன்று மணி நேரம், 40 வாரம். சரியாக 120! இஸ்ரேலில் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் 1974-ல் தொடங்கிய பெராக் திட்டத்தில் மாணவர் வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டிரண்டு மணி நேரம், ஒரே பிள்ளையோடு செலவிடுகிறார். பதிலுக்கு அவருடைய படிப்புச் செலவில் ஒரு பகுதி உதவித்தொகையாகக் கிடைக்கிறது. நம் இல்லம் தேடிக் கல்வியிலும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்களே. கொரோனாவுக்குப் பிறகு அது பெரிய காரியம் செய்தது. ஆனால் அது ஒரு கூட்டப் பிள்ளைகளுக்கு. நான் சொல்வது ஒரு வீடு, ஒரு பிள்ளை.

ஜூனில் தொடங்கியது மிகச் சரி. அப்பா வீட்டில் இருக்கும்போதே அறிமுகம் ஆகிவிடுகிறது. ஆகஸ்டில் அவர் கடலுக்குப் போன பிறகுதான் அந்த அக்கா அங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறாள். அந்த நேரம் பார்த்தா நிறைவு விழா?

என் சித்தி மகள் நிறுத்தவில்லை. வியாழக்கிழமை போகிறாள், மார்ச் வரை போவாள், அந்த அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டும் வீடுகளுக்கு இப்படிப் போகிற மாணவர்கள் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள் மக்களே. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போகிறீர்கள், திரும்ப எந்தப் பஸ் கிடைக்கிறது, எல்லாம் வேண்டும். அதைத் தொகுத்து அந்தக் கல்லூரிக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.