கையா, காதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ரோபோவின் வயலின் இயந்திரத்தனமாக ஒலிப்பது கையின் குறையாலா, காதின் குறையாலா? காதின் குறைதான் என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "காது காது என்கிறார்கள், ஒரு மைக்கை மாட்டிவிட்டால் தீர்ந்தது!" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அந்த மைக்கையே எடுத்துக்கொள்வோம்.

கைதான் குறை என்றால், 2007இல் டொயோட்டா மேடையேற்றிய வயலின் ரோபோவுக்குக் கைகளில் மட்டும் 17 மூட்டுகள்! தப்பில்லாமல் வாசித்தது. ஆனால் மனசில் ஒட்டவில்லையே, ஏன்? 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் வில் தந்தியை நொடிக்கு 440 தடவை பிடித்துப் பிடித்து விடுகிறது. அழுத்தம், வேகம், குதிரையிலிருந்து (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) தூரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அதைக் கணக்குப் போட்டுவிடலாம். எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை?

சிறுவயதில் என் குருவோடு மேடையில் வாசித்தேன். நடுவில் அவருடைய வயலினில் தந்தியை முறுக்கும் பிரடை நழுவியது, தந்தி இறங்கியது. பழகிய இடத்தில் விரல் வைத்தால் அபசுரம். அவர் நிறுத்தவில்லை. விரலைக் குதிரைப் பக்கம் இம்மி நகர்த்தினார், சுரம் சேர்ந்தது. சபையில் யாருக்கும் தெரியாது.

மைக்கும் இதைச் செய்யும் என்பீர்கள். இருங்கள், மறுபடியும் சொல்கிறேன், விட்டதையும் சேர்த்து. தந்தி இறங்கியது. விரல் நகர்ந்தது. பக்கத்தில் நான் பயந்துபோய் வில்லை எடுத்துவிட்டேன்! அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரே சுரத்தை நீட்டினார், நீட்டினார், நான் மூச்சுவிட்டு வில்லை மறுபடி வைக்கும்வரை நீட்டினார். நண்பரே, சுருதி இறங்கியது மைக்குக்குக் கேட்டிருக்கும். பக்கத்துப் பிள்ளையின் மூச்சு நின்றது கேட்டிருக்குமா?

இப்போது அவருக்குக் காது மங்கிவிட்டது. தாடையை வயலினில் அழுத்தி, எலும்பு வழியாகக் கேட்டபடி வாசிக்கிறார். போன மாதம் எனக்காக அதே பாட்டை வாசித்தார். அந்தச் சுரம் வந்ததும் வில்லை நிறுத்தாமல் என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "சேர்ந்ததா?" என்று கேட்டார். சேர்ந்தது ஐயா என்று கத்தினேன். கேட்டதோ இல்லையோ, அதற்குப் பிறகுதான் அடுத்த சுரத்துக்குப் போனார்.

நன்றி, வணக்கம்.