டென்ட் இல்லாமலே யெல்லோஸ்டோன்ல படம் எடுக்கலாம்

வணக்கம் நேயர்களே. நேஷனல் பார்க்ல நல்ல போட்டோ வேணும்னா டென்ட் போட்டு வெட்டவெளியில படுத்தாதான் ஆச்சுன்னு நினைச்சு நிறைய பேர் அந்த ஆசையையே விட்டுடறாங்க. முதுகுவலி, கைக்குழந்தை, கரடி பயம்னு காரணம் எதுவா வேணா இருக்கட்டும். டென்ட்ல தூங்கறவங்களுக்கு ஒரே ஒரு லாபம்தாங்க, விடியறப்ப அவங்க ஸ்பாட்லயே இருக்காங்க. அந்த விடியலுக்குப் பக்கத்துல நமக்கு ஒரு ரூம் கிடைச்சா போதும்.

அமெரிக்காவுல யெல்லோஸ்டோனை எடுத்துக்குவோம். 1872ல அறிவிச்ச பார்க், பரப்பு கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். உள்ள எட்டு மாதிரி வளைஞ்சு போற கிராண்ட் லூப் ரோடு மட்டுமே 142 மைல், பெரும்பாலான இடத்துல 45 மைல் வேகத்துக்கு மேல போகக்கூடாது, நடுவுல பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) கூட்டம் ரோட்டுல நின்னுடுச்சுன்னா அதுங்க நகர்ற வரைக்கும் நாமளும் நிக்கணும். ஆனா முக்கால்வாசி பேர் மேற்கு வாசல்ல இருக்கிற வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊர்ல ஒரே ரூமை எல்லா நாளுக்கும் போட்டுடறாங்க. அங்கிருந்து ஓநாய் பார்க்கற லமார் பள்ளத்தாக்குக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஜூன்ல காலைல 5.30 வாக்குல சூரியன் வந்துடும், அப்ப எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க!

அதனால நான் சொல்றது, ரூமை மாத்திக்கிட்டே போங்க. ஓநாய்க்கு வடகிழக்கு வாசல் பக்கம் குக் சிட்டி. 1995ல கனடாவுலேர்ந்து ஓநாய்களைக் கொண்டு வந்து திரும்ப விட்டதுலேர்ந்து, அதுங்களைப் பார்க்கவே லமாருக்கு உலகம் பூரா ஆளுங்க வர்றாங்க. அடுத்து கேன்யன் லாட்ஜ், 308 அடி லோயர் ஃபால்ஸ் அருவி பக்கத்துலயே இருக்கு, பைசன் மேயற ஹேடன் பள்ளத்தாக்கும் கிட்டக்கதான். அப்புறம் ஓல்டு ஃபெய்த்ஃபுல் கெய்சர், அதாவது வெந்நீர் பீறிட்டு அடிக்கற ஊற்று, பக்கத்துல இருக்கற ஓல்டு ஃபெய்த்ஃபுல் இன். 1904ல மரத்துலயே கட்டின லாட்ஜ் அது, சில ரூம்ல பாத்ரூம் வெளியிலதான், ஆனா சாயங்காலக் கூட்டம் போனப்புறம் வெந்நீர் ஊற்றுகளை நிதானமா எடுக்க அதைவிட வசதி கிடையாது.

பல நிறத்துல தெரியற கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றுக்கு மட்டும் விடியக்காலைல ஓடாதீங்க. குளிர்ல வெறும் ஆவிதான் தெரியும், நிறமே வராது. நல்லா வெயில் ஏறினப்புறம் ஃபேரி ஃபால்ஸ் பாதையில மேட்டுல ஏறி எடுங்க. கெய்சர் தண்ணி லென்ஸ்ல தெறிச்சா உடனே துடைச்சிடுங்க, அதுல இருக்கற சிலிக்கா காஞ்சு ஒட்டிக்கிட்டா அப்புறம் போகவே போகாது.

தெற்கே கிராண்ட் டீட்டன் பார்க். ரோட்டுலேர்ந்து நாம பார்க்கறது மலையோட கிழக்கு முகம், அதனால காலை வெளிச்சம்தான் எல்லாமே. பிரபல போட்டோகிராஃபர் அன்செல் ஆடம்ஸ் 1942ல ஸ்நேக் ஆத்தை எடுத்த அந்த வளைவை இப்ப மரம் வளர்ந்து பாதி மறைச்சிடுச்சு, அதனால என்னோட ஓட்டு அதே ஆத்துல இருக்கற இன்னொரு வளைவு ஆக்ஸ்போ பெண்டுக்குதான். ஜாக்சன் லேக் லாட்ஜ்ல தங்கினா கொஞ்ச நிமிஷத்துல போயிடலாம்.

கரடி, ஓநாய்லேர்ந்து 100 கெஜம், பைசன் மாதிரி மத்த மிருகங்கள்லேர்ந்து 25 கெஜம் தள்ளிதான் நிக்கணும், அது சட்டம். அதனால லாங் லென்ஸ் வாங்க முடியலைன்னா வாடகைக்காவது எடுங்க. ட்ரோனை வீட்டுலயே வச்சுடுங்க, அனுமதியே கிடையாது. உள்ள நிறைய இடத்துல சிக்னல் வராது, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க. காலைச் சாப்பாட்டை முந்தின ராத்திரியே பார்சல் கட்டி வச்சுக்கோங்க, ரெஸ்டாரன்ட் திறக்கறதுக்குள்ள நல்ல வெளிச்சம் போயிடும்.

ரூம் புக்கிங் ஒரு வருஷத்துக்கும் முன்னாடியே ஆரம்பிச்சுடும், சீக்கிரம் தீர்ந்தும் போயிடும், ஆனா கேன்சல் ஆகறதும் உண்டு, தினமும் ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருங்க. இலை மஞ்சளாகற செப்டம்பர் கடைசிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சமயம். அதைத் தாண்டி தள்ளிப் போடாதீங்க, அக்டோபர்ல நிறைய லாட்ஜை மூட ஆரம்பிச்சுடுவாங்க.